சைலன்சர் வாயில் ஒரு குழாய்

பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் இடத்தைத் தாண்டி, மரநிழலில் ஒரு பழைய ஆம்னி வேன் நிற்கும். பின்கதவு எப்போதும் தூக்கியபடியே இருக்கும். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வயரில் தொங்கும் கேமரா, பக்கத்தில் ஒரு கருவிப்பெட்டி. அதிலிருந்து ரப்பர் குழாய் ஒன்று வெளியே வந்து சுருண்டு கிடக்கும். தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பக்கம் போனாலும் இது அதிகம் மாறாது. “எமிஷன் முடிஞ்சிருச்சுங்க, புதுசு போடணும்” என்று வண்டியை ஓரங்கட்டுவார்கள். வண்டி புகை விடுவதை நிறுத்திவிட்டது என்று அவர்கள் சொல்ல வரவில்லை. போன வருடம் வாங்கிய புகைச் சோதனைச் சான்றிதழின், அதாவது சீட்டின், தேதி முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

எனக்கு அந்தச் சீட்டைப் படிக்கும் பழக்கம் உண்டு. பெரும்பாலானவர்கள் தேதியை மட்டும் பார்த்துவிட்டு, மடித்து ஆர்.சி. புத்தகக் கவருக்குள் செருகிவிடுவார்கள். நடுவில் இருக்கும் வரிகள்தான் விஷயம். பெட்ரோல் வண்டி என்றால் கார்பன் மோனாக்சைடு இத்தனை சதவீதம், ஹைட்ரோகார்பன் இத்தனை பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் இத்தனை பங்கு. அனுமதித்த அளவு ஒரு பக்கம், அளந்து வந்தது மறுபக்கம். 2000-க்குப் பிறகு வந்த ஃபோர் ஸ்ட்ரோக் இருசக்கர வண்டிகளுக்குப் பல வருடங்கள் இருந்த வரம்பு 3.5 சதவீதம், 4500 பிபிஎம். பிஎஸ் 4 (பிஎஸ் என்றால் பாரத் ஸ்டேஜ், புகைக்கு அரசு வைத்த படிநிலை; எண் ஏற ஏற வரம்பு இறுகும்) பெட்ரோல் காருக்கோ 0.3 சதவீதம், 200 பிபிஎம். சிக்னலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளில், சின்னதற்குப் பத்து மடங்குக்கு மேல் சலுகை. காரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருக்கிறது, இஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்று நொடிக்கு நொடி கணக்குப் பார்க்கும் சென்சார் இருக்கிறது. பழைய ஸ்கூட்டரில் ஒரு கார்புரேட்டரும் ஒரு திருகாணியும்தான்.

அந்தக் கருவி செய்யும் வேலை ரொம்ப அழகானது. குழாய் வழியாக இழுத்த புகையை ஒரு சிறிய அறைக்குள் விட்டு, அதன் ஊடே அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறது. கார்பன் மோனாக்சைடு அந்த ஒளியில் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை உறிஞ்சும், ஹைட்ரோகார்பன் இன்னொன்றை. மறுமுனைக்கு எவ்வளவு ஒளி குறைவாக வந்து சேர்கிறது என்பதை வைத்து எவ்வளவு வாயு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். டீசல் வண்டிக்கு வேறு முறை. கியர் போடாமல் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து விடவேண்டும், திரும்பத் திரும்ப. குபுகுபுவென்று வரும் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று பார்த்து சராசரி எடுப்பார்கள். புகையின் அடர்த்தியைச் சொல்லும் ஹார்ட்ரிட்ஜ் அளவில் பழைய வண்டிகளுக்கு 65, பிஎஸ் 4 வண்டிகளுக்கு 50.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 115-ஆம் விதி. புது வண்டிக்குப் பதிவான நாளிலிருந்து ஒரு வருடம் தொல்லையில்லை. அதன்பிறகு பிஎஸ் 4-உம் அதற்குப் பிந்தியதும் வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு முந்தியவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சீட்டு இல்லாமல் பிடிபட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்று ஆனபோது, ஆம்னி வேன்களின் முன்னால் நின்ற வரிசை எல்லோருக்கும் நினைவிருக்கும். காற்றின் மேல் அப்படியொரு அக்கறை ஒரே வாரத்தில் வந்துவிடவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

இந்தச் சோதனையை வெறும் சடங்கு என்று சொல்லி ஒதுக்குவது சுலபம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அது ஒரு காலத்து வண்டிக்காகத் தைத்த சட்டை. அந்தக் காலத்து வண்டிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

எண்பதுகளும் தொண்ணூறுகளும் டூ ஸ்ட்ரோக் காலம். ஸ்கூட்டர், மொபெட், ஆட்டோ எல்லாமே அதுதான். பெட்ரோல் போடும்போதே கூட 2டி ஆயில் அளந்து ஊற்றுவார்கள். அந்த இஞ்சினில் எரிந்த புகை வெளியே போகும் வழியும் புதுப் பெட்ரோல் உள்ளே வரும் வழியும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும். வந்த பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே, வந்த வேகத்தில் வெளியே போய்விடும். மோசமான நிலையில் மூன்றில் ஒரு பங்குவரைகூட அப்படி வீணாகும். கூடவே ஆயிலும் எரிந்து நீலப்புகை. பஸ் ஸ்டாண்டு ஆட்டோ நிலையத்தில் காலையில் ஏழெட்டு வண்டிகளை ஒன்றாக ஸ்டார்ட் செய்தால் எதிரே இருக்கும் டீக்கடை மறையும். யமஹா ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-இல் நின்றது. இன்றைக்கும் அதன் சத்தத்துக்கு உயிரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சத்தத்தோடு வந்த வாசனையில் பாதி எரியாத பெட்ரோல் என்பதை அவர்களிடம் சொன்னால் நட்பு கெடும்.

எரியாத பெட்ரோல் என்றால் ஹைட்ரோகார்பன். அரைகுறையாக எரிந்தது என்றால் கார்பன் மோனாக்சைடு. இரண்டும் ஐட்லிங்கில், வண்டி நின்ற இடத்திலேயே, தாராளமாக வரும். ஆகவே நிற்கும் வண்டியின் சைலன்சருக்குள் குழாயைச் செருகி இந்த இரண்டையும் அளந்தால் போதும், கெட்ட வண்டி எது என்று தெரிந்துவிடும். மெக்கானிக்கும் அதை அங்கேயே சரிசெய்துவிடலாம்: ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினால் காற்று கூடும், அளவு இறங்கும், சீட்டு வரும். சீட்டு வந்ததும் சிலர் ஸ்க்ரூவைப் பழையபடி திருப்பிவிடுவார்கள், பிக்கப் வேண்டும் என்பதற்காக. அந்தக் காலத்திலேயே இருந்த வழக்கம்தான் இது.

கருவி வருவதற்கு முன்பு கண்ணே கருவி. நல்ல மெக்கானிக் புகையின் நிறத்தைப் பார்த்தே வியாதியைச் சொல்வார். நீலமாக வந்தால் “ஆயில் அடிக்குது, ரிங் போயிருச்சு.” கறுப்பாக வந்தால் டீசல் அதிகம், காற்று குறைவு, “ஏர் ஃபில்டர் மாத்தி, நாசில் பாருங்க.” இஞ்சின் சூடேறிய பிறகும் வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, ஹெட் கழற்றவேண்டும். சோதனை நிலையத்துக்குப் போகாமலே பாதி உண்மை கிடைத்துவிடும். பார்க்க முடிகிற புகை என்பதால்.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், பார்க்க முடியாத புகையில்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரணமாக அது யாரோடும் சேராது. இஞ்சினுக்குள் வெப்பம் மிக அதிகமாகும்போது மட்டும் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகிறது. வெளியே வந்து வெயிலில் மற்ற வாயுக்களோடு கலந்து தரைமட்ட ஓசோனாகவும் நுண்துகளாகவும் மாறுகிறது. ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாய்க்கு இது நேரடி எதிரி. இதில் ஒரு பொல்லாத கணக்கு இருக்கிறது. எரிபொருள் நன்றாக எரிய எரிய கார்பன் மோனாக்சைடும் கரும்புகையும் குறையும், மைலேஜ் கூடும். வெப்பமும் கூடுவதால் நைட்ரஜன் ஆக்சைடும் கூடும். ஒன்றை அமுக்கினால் மற்றது எழும். டீசல் இஞ்சின் வடிவமைக்கிறவர்களின் தலைவலியே இதுதான்.

நம் பங்க் ஓரத்துச் சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடு அளக்கப்படுவதில்லை. நுண்துகளும் அளக்கப்படுவதில்லை. டீசலுக்கு ஒளி எவ்வளவு மறைகிறது என்று மட்டும் பார்ப்பதால் கொத்தான கரும்புகை பிடிபடும். நுரையீரலின் ஆழம்வரை போகிற பொடித்துகள் கண்ணுக்கும் தெரியாது, அந்த ஒளிக்கும் பெரிதாகத் தெரியாது. அதுவும் எல்லாம் நின்ற இடத்தில். நைட்ரஜன் ஆக்சைடு பெரும்பாலும் பாரம் ஏற்றி மேடு ஏறும்போது வருவது. தொப்பூர் கணவாயில் முப்பது டன்னோடு முக்கிக்கொண்டு ஏறும் லாரி என்ன விடுகிறது என்பதற்கும், அதே லாரி பங்கில் நின்று உறுமும்போது என்ன விடுகிறது என்பதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

பிஎஸ் 6 கார் இந்தச் சோதனைக்கு வந்தால் பெரும்பாலும் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்டும். அது நல்ல செய்திதான். ஆனால் கன்வர்ட்டர் பாதி செத்த காரும் தேறிவிட வாய்ப்பு உண்டு. சோதனை வைத்திருக்கிற கேள்வி அத்தனை எளிதாகிவிட்டது.

அந்த எளிய கேள்வியைக்கூட நேர்மையாகக் கேட்கிறோமா என்பது தனி. 2025 ஏப்ரலில் தில்லி சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை, வரம்பைத் தாண்டிய அளவு பதிவாகியிருந்தும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குச் சான்றிதழ் கொடுக்கப்பட்டதைக் காட்டியது. ஒரே மையத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் சோதிக்கப்பட்டதாகப் பதிவுகள் இருந்தன. தில்லி என்பதால் தணிக்கை செய்தார்கள், வெளியே வந்தது. நம் பக்கம் எப்படி என்று நான் சொல்லி யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வண்டியைக் கொண்டுவராமல், நம்பர் பிளேட் படத்தை மட்டும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொன்னவரை எனக்கே தெரியும். “வெயில்ல ஏன் சார் அலையறீங்க” என்று அன்பாகத்தான் சொன்னார்.

இன்னொரு பிடியும் போட்டுப் பார்த்தார்கள். சீட்டு இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் புதுப்பிக்கக்கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விளைவு, பலர் இன்சூரன்ஸையே விட்டார்கள். மோதி அடிபட்டவருக்கு இழப்பீடு கிடைக்காமல் போகிற ஆபத்து. 2024 ஜூலையில் நீதிமன்றம் அந்த நிபந்தனையைத் தளர்த்திவிட்டது.

அப்படியென்றால் நீலப்புகை எப்படிப் போயிற்று? டீக்கடை இப்போது மறைவதில்லையே? போனது உண்மை. சீட்டால் போகவில்லை. தொழிற்சாலை வாசலிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும் அது போயிற்று.

சுத்திகரிப்பு ஆலையின் பங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். முதலில் ஈயம். இஞ்சின் தட்டாமல் இருக்கப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தார்கள். அது குழந்தைகளின் மூளையைக் கெடுத்தது. கூடவே கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் கொன்றது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூட்டின்மேல் ஈயம் படிந்துவிட்டால் பிறகு அது வெறும் ஓட்டைக் கல். அதனால்தான் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் கன்வர்ட்டர் உள்ள கார்களைக் கட்டாயமாக்கியபோது ஈயமில்லாப் பெட்ரோலும் சேர்ந்தே வந்தது. நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது 2000 பிப்ரவரியில். உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது.

அடுத்தது கந்தகம். பிஎஸ் 3 டீசலில் 350 பிபிஎம் கந்தகம். பிஎஸ் 4-இல் 50. பிஎஸ் 6-இல் 10. கந்தகம் குறையாமல் நவீன வடிகட்டி எதையும் பொருத்த முடியாது; பொருத்தினாலும் சீக்கிரம் செத்துவிடும். மணலி ஆலையில் கந்தகம் எடுக்கும் பிரிவைக் கட்டாமல், கிண்டியில் யாரும் பிஎஸ் 6 காரை ஒழுங்காக ஓட்டியிருக்க முடியாது.

இதில் நாம் ஒரு விசித்திரமான காலத்தைக் கடந்து வந்திருக்கிறோம். 2010-இல் பிஎஸ் 4 வந்தது, ஆனால் சென்னை உட்பட 13 நகரங்களுக்கு மட்டும். மற்ற ஊர்களுக்கு பிஎஸ் 3. நாமக்கல்லில் பதிவான லாரி பிஎஸ் 3 லாரி. அது போகிற வழியில் கிடைக்கிற டீசலைக் குடித்துக்கொண்டு மாதவரத்துக்கும் கோயம்பேட்டுக்கும் வந்து நிற்கும். சென்னையின் காற்றுக்குச் சென்னைக்காரனின் கார் மட்டும் நல்ல டீசல் குடித்தது. புகைக்கு ஆர்.டி.ஓ. எல்லை தெரியாது என்பதை ஏற்றுக்கொள்ள ஏழு வருடம் ஆயிற்று: 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ் 4.

அந்த ஏப்ரலுக்கு முந்தைய இரண்டு நாட்கள் மறக்க முடியாதவை. விற்காமல் கிடந்த பிஎஸ் 3 வண்டிகளை ஏப்ரலுக்குப் பிறகும் விற்கலாம் என்றுதான் கம்பெனிகள் நம்பியிருந்தன. மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. சுமார் 8.24 லட்சம் வண்டிகள் தேங்கி நின்றன, பெரும்பாலும் இருசக்கர வண்டிகள். அடுத்த நாள் ஷோரூம்களில் ஆடித் தள்ளுபடியை மிஞ்சிய கூட்டம். பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்று விலையைக் குறைத்தார்கள். ஆதார் அட்டை நகலோடு ஓடியவர்கள் என் தெருவிலேயே இருந்தார்கள். நீதிமன்றம் மக்களின் உடல்நலத்தைச் சொல்லித் தடைவிதித்தது. மக்கள் அதே வண்டியை மலிவாகக் கிடைத்ததென்று வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்டாயிரம் சம்பளக்காரனுக்குப் பத்தாயிரம் மிச்சம் என்பது பெரிய விஷயம்.

அதன்பிறகு பிஎஸ் 5-ஐத் தாண்டி, 2020 ஏப்ரல் 1-இல் நேரே பிஎஸ் 6-க்குக் குதித்தோம். கொரோனா ஊரடங்கின் நடுவே அது வந்ததால் பலருக்கு அது வந்ததே தெரியாது. என் கணிப்பில், நம் சாலைகளின் புகைக்கு நடந்த ஒரே பெரிய நல்லது அதுதான்.

பிஎஸ் 6 என்ன கொண்டுவந்தது என்பதைப் புத்தகத்தைவிட என் சித்தப்பாவின் லாரிப் பட்டறையில்தான் நன்றாகப் பார்க்க முடிந்தது. சேலம், நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி என்பது தொழில் மட்டுமில்லை, உறவுமுறை மாதிரி. பழைய வண்டியில் ஒரு கோளாறு என்றால் வழியிலேயே எவரையாவது பிடித்து பம்ப்பைக் கழற்றி, வாஷர் போட்டு, மும்பை லைன் போய்த் திரும்பிவிடுவார்கள். புது வண்டியில் டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட சின்ன டேங்க் ஒன்று. அதில் ஊற்றுவது தண்ணீரில் 32.5 சதவீதம் யூரியா கலந்த கரைசல். ஆட்புளூ என்பார்கள், டிரைவர்கள் வாயில் அது யூரியாதான். நூறு லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய நான்கைந்து லிட்டர் செலவாகும். சைலன்சருக்குள் பீய்ச்சியதும் சூட்டில் அமோனியா பிரிந்து, நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்து மறுபடி சாதாரண நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் ஆக்கிவிடும். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனைக் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிற வேலை. எனக்கு இதைக் கேட்டபோது சந்தோஷமாக இருந்தது. சித்தப்பாவுக்கு இல்லை.

“ஏன் சித்தப்பா, நல்லதுதானுங்களே?”

“நல்லது யாருக்குச் சாமி? யூரியா தீந்தா வண்டி இழுக்கமாட்டேங்குது. நடு ராத்திரி, நாக்பூர் தாண்டி, லோடோட நிக்கறான் டிரைவர். வெளக்கு எரியுது, வண்டி மாட்டு வண்டியாட்டம் போகுது.”

அவர் சொன்னது சரி. கரைசல் தீர்ந்தாலோ தரம் கெட்டிருந்தாலோ கம்ப்யூட்டர் இஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடும். விதியே அப்படித்தான், இல்லாவிட்டால் யாரும் காசு கொடுத்து ஊற்றமாட்டார்கள் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரியும். ஆனால் விதி எழுதியவர்கள் கம்ப்யூட்டரை நினைத்தார்கள், கள்ளக் கம்ப்யூட்டரை நினைக்கவில்லை. எமுலேட்டர் என்று தீப்பெட்டி அளவில் ஒரு சாமான் வருகிறது. வயரிங்கில் செருகிவிட்டால், யூரியா ஒழுங்காகப் பீய்ச்சப்படுவதாக இஞ்சினுக்குப் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். கார்களில் வேறு தினுசு. டீசல் காரின் துகள் வடிகட்டியில் கரி சேரச் சேர, அவ்வப்போது 600 டிகிரி வாக்கில் சூடேற்றி எரித்துவிடவேண்டும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடினால் தானாக நடக்கும். வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து பள்ளிக்கூடம் என்று மூன்று கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு நடக்காது. விளக்கு எரியும், பிறகு வண்டி முடங்கும். மாற்றினால் பெருஞ்செலவு. ஆகவே உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு, சாஃப்ட்வேரையும் மாற்றி, வெறும் டப்பாவை வெல்டு வைத்துக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

எமுலேட்டர் போட்ட லாரியையும் வடிகட்டி உருவிய காரையும் ஆம்னி வேன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். முன்னதில் கெட்டுப்போனது நைட்ரஜன் ஆக்சைடு. அது அளக்கப்படுவதே இல்லை. பின்னதில் கெட்டுப்போனது நுண்துகள். புகை கண்ணை மறைக்கிற அளவு வந்தால் ஒழியச் சோதனையில் மாட்டாது. இரண்டுக்கும் சீட்டு வந்துவிடும். வாட்ஸ்ஆப் சீட்டு என்று நினைக்கவேண்டாம், முறையாக அளந்தே வரும்.

எமுலேட்டரைத் தெருவோர மெக்கானிக்கின் களவாணித்தனம் என்று மட்டும் நினைத்துவிடக்கூடாது. அதே வேலையை உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்று தொழிற்சாலையிலேயே செய்தது. ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களின் மென்பொருளுக்குத் தன்மேல் சோதனை நடக்கிறதா என்று கண்டுகொள்ளத் தெரியும். சக்கரம் ஓடுகிறது, ஸ்டீயரிங் திரும்பவில்லை. ஆக இது சோதனைக்கூடம். உடனே எல்லா வடிகட்டும் வேலையும் ஒழுங்காக நடக்கும். சாலைக்கு வந்ததும் தளர்ந்துவிடும். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கருவியைக் காரின் டிக்கியிலேயே ஏற்றிக்கொண்டு, லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டில்வரை ஓட்டிப் பார்த்தபோதுதான் அளவுகள் பொருந்தாமல் போயின. 2015 செப்டம்பர் 18-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை நோட்டீஸ் கொடுத்தது. சில கார்கள் வரம்பைப்போல் 40 மடங்குவரை நைட்ரஜன் ஆக்சைடு விட்டன; உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்களில் அந்த மென்பொருள். இந்தியாவிலும் 3.23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்றம் அதை வசூலிக்கும் நடவடிக்கையை நிறுத்தி வைத்தது.

ஆனால் அதிலிருந்து ஒன்று பிறந்தது. காரைச் சோதனைக்கூடத்தில் மட்டுமல்லாமல், கருவியைப் பின்னால் கட்டிச் சாலையில் ஓட்டியும் பார்க்கவேண்டும் என்ற விதி. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் புது மாடல் விற்பனைக்கு வரும்போது நடப்பது. ஐந்து வருடம் ஓடித் தேய்ந்த வண்டியைப் பங்க் ஓரத்தில் அப்படி யாரும் பார்ப்பதில்லை.

இத்தனையும் பேசிவிட்டு கார்பன் டையாக்சைடைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே என்று யாராவது கேட்கலாம். செய்திகளில் ‘உமிழ்வு’ என்று வருவதெல்லாம் இப்போது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்: கிளாஸ்கோ பருவநிலை மாநாடு, 2070-க்குள் நிகர பூஜ்யம். புகைச் சீட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெட்ரோல் முழுமையாக, குறையே இல்லாமல் எரிந்தால் வருவதே கார்பன் டையாக்சைடுதான். கன்வர்ட்டர் கார்பன் மோனாக்சைடை எடுத்து இதுவாகத்தான் மாற்றுகிறது. எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும் லிட்டருக்கு 2.3 கிலோ வந்தே தீரும். முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோலிலிருந்து எப்படி இரண்டே கால் கிலோ வாயு வரும் என்று பள்ளிக்கூடம் போகும் என் தங்கை மகன் மடக்கினான். காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்து சேருகிறது. 12 பங்கு கார்பனோடு 32 பங்கு ஆக்சிஜன். எடையில் பெரும்பகுதி நாம் காசு கொடுத்து வாங்காதது. இதற்கு வரம்பு வண்டிக்கு வண்டி இல்லை, கம்பெனிக்கு. விற்கும் கார்களின் சராசரி கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்று ஒரு கணக்கு. 2022-23 முதல் அது 113 கிராம் வாக்கில். ஆம்னி வேன்காரரின் தலையில் இதைக் கட்ட முடியாது. குறைக்க ஒரே வழி குறைவாக எரிப்பது.

ஆகவே சீட்டுக்கே திரும்புகிறேன், ஏனென்றால் அங்கேதான் இன்னும் ஏதாவது செய்யமுடியும் என்று நினைக்கிறேன். நின்ற வண்டியில் குழாய் விடுவதற்குப் பதில், ஓடுகிற வண்டியின் புகையைச் சாலையோரத்திலிருந்தே அளக்கும் முறை இருக்கிறது. சாலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒளிக்கற்றை. வண்டி கடந்துபோனதும் பின்னால் விடும் புகையின் ஊடே அது பாய்கிறது. கேமரா நம்பரைப் பிடிக்கிறது. ஒரு நொடிக்குள் வேலை முடிந்தது. ஆம்னி வேனில் இருக்கும் அதே தத்துவம், அறையில்லாமல். நைட்ரஜன் ஆக்சைடும் தெரியும். தூய போக்குவரத்துக்கான பன்னாட்டு மன்றம் என்ற ஆய்வு அமைப்பு தில்லியிலும் குருகிராமிலும் இப்படி ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அளவீடுகளை எடுத்து 2024-இல் வெளியிட்டது. பிஎஸ் 6-க்கு மாறியதால் தனியார் கார்களில் நைட்ரஜன் ஆக்சைடு பெரிய அளவில் குறைந்திருந்தது. அதே பிஎஸ் 6 டாக்ஸிகளும் சிறு சரக்கு வண்டிகளும் தனியார் கார்களைவிடப் பல மடங்கு அதிகம் விட்டன. சுத்தம் என்று பெயரெடுத்த சிஎன்ஜி சரக்கு வண்டிகளில் சில, சோதனைக்கூட வரம்பைப்போல் 14 மடங்குவரை.

காரணம் ஊகிக்கக் கடினமில்லை. டாக்ஸி ஒரு நாளில் ஓடுவதை என் கார் இரண்டு வாரத்தில் ஓடும். கன்வர்ட்டர் அதற்குத் தகுந்தபடி தேயும். மாற்ற ஆகும் செலவில் சின்ன யானைக்காரர் இரண்டு மாதத் தவணை கட்டிவிடுவார்.

இந்த முறையை நாளை பெருங்களத்தூரிலோ நீலாம்பூரிலோ வைத்தால் யார் மாட்டுவார் என்று யோசித்துப் பாருங்கள். கார் வைத்திருக்கும் நானும் நீங்களும் பெரும்பாலும் தப்பித்துவிடுவோம். காய்கறிச் சந்தைக்கு விடியற்காலை லோடு அடிக்கிறவர், கால் டாக்ஸி ஓட்டுகிறவர், சித்தப்பா மாதிரி இரண்டு லாரி வைத்திருக்கிறவர்: இவர்கள்தான் நோட்டீஸ் வாங்குவார்கள். இப்போதைய சோதனை அவர்களையும் நம்மையும் ஒரே மாதிரி தேர்ச்சியாக்கி விடுகிறது, காற்று மட்டும் தோற்கிறது. உண்மையை அளக்கிற சோதனை வந்தால் அபராதச் சீட்டோடு சேர்த்து கன்வர்ட்டர் மாற்றக் குறைந்த வட்டிக் கடனோ, கம்பெனியே ஐந்து வருடத்துக்குப் பதில் இன்னும் நீண்ட காலத்துக்கு உத்தரவாதம் கொடுக்கவேண்டும் என்ற விதியோ வந்தாகவேண்டும். இல்லாவிட்டால் தீப்பெட்டி அளவு எமுலேட்டருக்கு அடுத்த தலைமுறைச் சாமான் ஒன்று, அதே பட்டறைகளில், அதே வெல்டிங் கைகளால் தயாராகும். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். “கடன் குடுத்தா மாத்திப்போடலாம். யாரு சாமி குடுக்கறா?” என்றார்.